ஒரு நாளைக்கு மூன்றுதானே என்று இருந்தேன்

டாக்டரைப் பார்க்கப் போனால் முதலில் ஒரு படிவத்தைக் கையில் கொடுப்பார்கள். பெயர், வயது, சர்க்கரை உண்டா, ரத்த அழுத்தம் உண்டா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, நடுவில் எங்கேயோ ‘புகைப்பழக்கம் உண்டா?’ என்று ஒரு கட்டம் இருக்கும். ஆறு வருஷமாக அந்தக் கட்டத்தில் நான் ‘இல்லை’ என்றுதான் எழுதிவந்தேன். பொய் எழுதுகிறோம் என்ற நினைப்பே எனக்குக் கிடையாது. சிகரெட் பிடிப்பவர் என்றால் என் மனதில் இருந்த ஆள் வேறு. சட்டைப்பையில் எப்போதும் பாக்கெட், விரல் இடுக்கில் மஞ்சள் கறை, காலையில் எழுந்ததும் அடிவயிற்றிலிருந்து ஒரு இருமல். எனக்கு இதில் ஒன்றும் இல்லையே. நாளுக்கு இரண்டு, மிஞ்சிப்போனால் மூன்று. ஞாயிற்றுக்கிழமை ஒன்றுகூட இருக்காது. அதிலும் பாதி ஓசி. அலுவலகத்தின் பின்பக்க மாடிப்படியில் கூட வேலை செய்பவர் பற்றவைக்கும்போது எனக்கும் ஒன்று நீட்டுவார், வாங்கிக்கொள்வேன். அவ்வளவுதான். வீட்டில் யாருக்கும் தெரியாது. அறையில் பாக்கெட் வைத்துக்கொண்டதே இல்லை. அப்படியிருக்க நான் எப்படிப் ‘புகைப்பவன்’ ஆவேன்?

முதல் வலி வந்தபோது விடிகாலை நாலே கால். எனக்கு அப்போது வயது முப்பத்து நாலு. யாரோ முழங்காலை என் நெஞ்சின் நடுவில் ஊன்றி அமுக்குவதுபோல இருந்தது, அதில்தான் விழித்தேன். குத்தல் இல்லை, எரிச்சல் இல்லை, பாரம். கொஞ்ச நேரத்தில் இடது பக்கத் தாடை மரத்துப்போனது, முதுகில் வியர்வை ஓடியது. நான் தனியாக இருப்பவன். கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு, யாரைக் கூப்பிடலாம் என்று யோசித்தேன். அம்மாவைக் கூப்பிட்டால் அவர் பயந்துபோவார். நண்பரைக் கூப்பிட்டு, அவர் வந்து சேர்வதற்குள் வலி நின்றுவிட்டால் அசிங்கம். இப்படி யோசித்துக்கொண்டே இருந்ததில் பத்து நிமிஷம் போனது, வலியும் போனது. வந்த சுவடே இல்லை. எழுந்து தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துத் தூங்கியும்விட்டேன். இன்றைக்கு நினைத்தால் எனக்கே என்னை அறையத் தோன்றுகிறது. நெஞ்சில் பாரம், தாடைக்குப் பரவும் வலி, வியர்வை மூன்றும் சேர்ந்து வந்தால் யோசிக்க ஒன்றுமே கிடையாது. ஆம்புலன்ஸைத்தான் கூப்பிட வேண்டும். வலி நின்ற பிறகு அவர்கள் வந்து சேர்ந்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

மறுநாள் மதியம்தான் டாக்டரிடம் போனேன். ஈசிஜி எடுத்தார்கள், கோடு சுத்தமாக இருந்தது. மாரடைப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனையும் சரியாகவே இருந்தது. புகைப்பழக்கம் உண்டா என்று கேட்டார், இல்லை என்றேன். முப்பத்து நாலு வயது, ஒல்லியான உடம்பு, சர்க்கரை இல்லை, கொழுப்பு இல்லை, புகையும் இல்லை. அவர் வேறென்ன நினைப்பார்? வாயுவாக இருக்கும் என்று மாத்திரை எழுதித் தந்தார். ஆறு வாரம் அந்த மாத்திரைகளை விழுங்கினேன். வலி வாரத்துக்கு ஒன்று இரண்டு முறை வந்துகொண்டே இருந்தது, எப்போதும் விடிகாலையில், எப்போதும் படுத்திருக்கும்போது. பகலில் நாலு மாடி ஏறினாலும் ஒன்றும் செய்யாது. இதய வலி என்றால் நடக்கும்போதும் ஏறும்போதும்தான் வரும் என்று எங்கோ படித்திருந்தேன். அதனால் இது நிச்சயம் இதயம் இல்லை என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். அரைகுறைப் படிப்பு செய்கிற வேலை இது.

இரண்டாவதாகப் போன டாக்டரிடம் படபடப்பையும் தூக்கமின்மையையும் பெரிதாகச் சொன்னேன். விடிகாலை வலிக்குப் பயந்து தூங்காமல் கிடந்ததில் உண்மையிலேயே எனக்கு எல்லாமே படபடத்தது. அவரும் சிகரெட் பற்றிக் கேட்டார். அதே பதில்தான். பதற்றம் என்று முடிவுசெய்து புரோப்ரனோலால் கொடுத்தார். படபடப்புக்கு உலகம் முழுக்கக் கொடுக்கும் மருந்துதான் அது, அதில் தவறில்லை. ஆனால் எனக்கு இருந்த நோயை அது இன்னும் மோசமாக்கும். பத்து நாளில் வாரத்துக்கு இரண்டு முறை வந்த வலி கிட்டத்தட்ட தினமும் வர ஆரம்பித்தது. பத்து நிமிஷம் இருந்தது இருபது நிமிஷமானது. ஒருநாள் வலிக்கு நடுவில் கண் இருட்டி, தரையில் சாய்ந்து, கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. வேலைக்குப் போவேன், மாடிப்படிக்குப் போவேன், ‘டென்ஷனா இருக்கு’ என்று சொல்லிக்கொண்டு ஒன்றுக்கு இரண்டாகப் பிடிப்பேன். நான் எதைக் கொண்டு எதை ஆற்றிக்கொண்டிருந்தேன் என்பது அப்போது தெரியாது.

மூன்றாவதாகப் பார்த்தவர் இதய மருத்துவர், வயதான அம்மா. படிவத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஓரமாகத் தள்ளிவைத்தார். அப்புறம் சாதாரணமாக, வானிலையைப் பற்றிக் கேட்பதுபோல, “போன மாசம் மொத்தம் எத்தனை சிகரெட் பிடிச்சிருப்பீங்க?” என்றார். உண்டா இல்லையா என்று கேட்டிருந்தால் வாய் தானாக ‘இல்லை’ என்று சொல்லியிருக்கும். எத்தனை என்று கேட்டதும் என்னை அறியாமல் கணக்குப் போட்டேன். “ஒரு அறுபது இருக்கும், மேடம்.” சொல்லி முடித்த பிறகுதான் அந்த எண் எனக்கே உறைத்தது. அறுபது என்றால் மூன்று முழுப் பாக்கெட். அவர் திட்டவில்லை. பேனாவை எடுத்து எழுதிக்கொண்டு, “இதை முன்னாடி பார்த்தவங்ககிட்ட சொன்னீங்களா?” என்று மட்டும் கேட்டார்.

எனக்கு இருந்தது இதய ரத்தக்குழாய் இறுக்கம். குழாயில் அடைப்பு பெரிதாக இருக்காது. ஆனால் குழாயின் சுவரிலுள்ள தசை திடீரென்று சுருங்கி, ரத்தம் போகும் வழியை இறுக்கிப் பிடித்துவிடும். ஓய்வில்தான் வரும், பெரும்பாலும் நள்ளிரவுக்கும் விடிகாலைக்கும் நடுவில். விட்டதும் எல்லாம் பழையபடி ஆகிவிடுவதால், வலி இல்லாத நேரத்தில் ஈசிஜி எடுத்தால் ஒன்றும் தெரியாது. மைரன் பிரின்ஸ்மெட்டல் என்ற மருத்துவர் 1959-இலேயே இதை விவரித்து எழுதியிருக்கிறார், அவர் பெயரால்தான் இன்றும் சொல்கிறார்கள். வயது குறைந்தவர்களுக்கும் வரக்கூடியது, சிகரெட் அதன் முக்கியக் காரணங்களில் ஒன்று. புரோப்ரனோலால் போன்ற மருந்து இதை மோசமாக்கும். இதய மருத்துவர் அதைக் குறைத்து நிறுத்தும் முறையை எழுதித் தந்தார். (அந்த வகை மருந்தை நாமாகத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து, யாரும் அப்படிச் செய்துவிட வேண்டாம்.) மார்பில் ஒயர்களை ஒட்டி, இடுப்பில் ஒரு சின்னப் பெட்டியைக் கட்டி இருபத்து நாலு மணிநேரம் பதிவுசெய்யும் ஹோல்டர் பரிசோதனைக்கு அனுப்பினார். மறுநாள் கணினித் திரையில் எனக்குக் காட்டினார். நாலு முப்பத்தெட்டு வரை சின்னச் சின்ன மேடாகப் போய்க்கொண்டிருந்த கோடு, நாலு நாற்பதில் படகின் பாய்போல மேலே எழும்பி நின்றது. பன்னிரண்டு நிமிஷம் அப்படியே. அப்புறம் மெல்ல இறங்கி, ஒன்றும் நடக்காததுபோல மறுபடி சின்ன மேடுகள். நான் கட்டிலில் உட்கார்ந்து அனுபவித்ததைக் கோடாகப் பார்த்தபோது கை நடுங்கியது உண்மை. பிறகு ஆஞ்சியோகிராம் செய்து, குழாயைச் சுருங்கத் தூண்டும் அசிட்டைல்கோலின் என்ற மருந்தை ஏற்றிப் பார்த்து உறுதிசெய்தார்கள்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்த அம்மாவுக்கு என்னிடம் மிகவும் உதவியாக இருந்தது நான் செல்போனில் குறித்து வைத்திருந்த பட்டியல்தான். தேதி, வலி தொடங்கிய மணி, நின்ற மணி, அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன் என்று நாலே விவரம். பயத்தில்தான் எழுத ஆரம்பித்தேன், ஆனால் பதினாறு முறையும் மூன்றரைக்கும் ஐந்துக்கும் நடுவில் என்று அதைப் பார்த்ததுமே அவருக்குப் பாதி புரிந்துவிட்டது. வந்து போகிற எந்த நோய்க்கும் இப்படி ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, ‘ஈசிஜி நார்மல்’ என்பது அந்த நிமிஷத்துக்கான சான்றிதழ் மட்டுமே. வலி இருக்கும்போது எடுத்ததா, போன பிறகு எடுத்ததா என்று கேளுங்கள்.

சரி, மூன்று சிகரெட் இவ்வளவு செய்யுமா? நானும் அதைத்தான் கேட்டேன், கொஞ்சம் வாதாடும் குரலில். இருபது பிடிக்கிற ஆளெல்லாம் நன்றாக இருக்கிறாரே என்றேன். அவர் சொன்னதை வைத்து வீட்டுக்கு வந்து நானும் தேடிப் படித்தேன். நாம் போடும் கணக்கு நேர்க்கோட்டுக் கணக்கு. இருபது பிடித்தால் இவ்வளவு ஆபத்து, அதனால் ஒன்று பிடித்தால் இருபதில் ஒரு பங்கு. இதய விஷயத்தில் இந்தக் கணக்கு சுத்தமாகத் தப்பு. 141 ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த கட்டுரை, நாளுக்கு ஒன்றே ஒன்று பிடிக்கிற ஆணுக்கு, இருபது பிடிப்பவருக்குக் கூடும் இதய நோய் ஆபத்தில் ஏறத்தாழ பாதி வந்துவிடுகிறது என்று சொல்கிறது. நார்வேயில் எழுபதுகளில் தொடங்கி 2002 வரை சுமார் 43,000 பேரைத் தொடர்ந்து கவனித்திருக்கிறார்கள். நாளுக்கு ஒன்று முதல் நாலு வரை பிடித்தவர்கள் இதய நோயால் இறக்கும் வாய்ப்பு, பிடிக்காதவர்களைப்போல கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ஒன்று முதல் நாலு. அது நான்தான். அமெரிக்காவில் 2017-இல் வெளியான ஆய்வில், வாழ்நாள் முழுக்கச் சராசரியாக நாளுக்கு ஒன்றுக்கும் குறைவாகப் பிடித்தவர்களின் இறப்பு விகிதம்கூட, பிடிக்காதவர்களைவிட 64 சதவீதம் அதிகம்.

காரணத்தை அவர் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது. ரத்தக்குழாயின் உட்பக்கம் ஒரு மெல்லிய தோல் மாதிரி இருக்கிறது, அதுதான் நைட்ரிக் ஆக்சைடை உண்டாக்கி குழாயைத் தளர்வாக வைத்திருக்கிறது. புகை பட்டதும் அந்த வேலை கெட்டுப்போகிறது. ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் ஒட்டும் தன்மை பெறுகின்றன. இரண்டுக்குமே கொஞ்சம் புகை போதும். அதிகம் போகப்போகக் கெடுதல் கூடத்தான் செய்கிறது, ஆனால் முதல் சில சிகரெட்டிலேயே பெரும்பகுதி நடந்து முடிந்துவிடுகிறது. நுரையீரல் புற்றுநோயின் கணக்கு வேறு. அதில் எண்ணிக்கைக்கும் பங்கு உண்டு, ஆனால் நாளுக்கு எத்தனை என்பதைவிட எத்தனை வருஷம் என்பது பெரிதாகப் பேசும். ‘கொஞ்சம்தானே’ என்று இருப்பவர்கள் வருஷக்கணக்காகத் தொடர்வார்கள், ஏனென்றால் நிறுத்த அவர்களுக்குக் காரணமே தெரியாது. நான் ஆறு வருஷம் தொடர்ந்ததும் அப்படித்தான்.

இன்னொரு ஏமாளித்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். நானாக வாங்கும்போது ‘லைட்’ வகையைத்தான் வாங்குவேன். அந்த வகையில் ஃபில்டரைச் சுற்றிக் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத குட்டிக் குட்டித் துளைகள் இருக்கும். பரிசோதனை இயந்திரம் இழுக்கும்போது அதன் வழியாகக் காற்று புகுந்து புகை நீர்த்துப்போகும், அளவும் குறைவாகக் காட்டும். மனிதன் இழுக்கும்போது விரலாலும் உதட்டாலும் துளைகளை மூடிவிடுகிறான், போதவில்லை என்று ஆழமாகவும் இழுக்கிறான். ஐரோப்பிய ஒன்றியம் 2003-இலும் அமெரிக்கா 2010-இலும் ‘லைட்’, ‘மைல்டு’ என்று அச்சிடுவதையே தடை செய்துவிட்டன. மென்மையாக இருந்தது பெயர் மட்டும்தான்.

பணத்துக்கு வருவோம். மருத்துவக் காப்பீடு எடுத்திருந்தேன், கவலையில்லை என்று நினைத்தேன். மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் ‘புகைப்பவர், ஆறு ஆண்டுகளாக’ என்று இருந்தது. காப்பீட்டு விண்ணப்பத்தில் என் கையெழுத்துக்கு மேலே ‘கடந்த 12 மாதங்களில் எந்த வடிவிலாவது புகையிலை பயன்படுத்தினீர்களா?’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று இருந்தது. இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் வைத்து, உண்மையை மறைத்ததாகச் சொல்லிக் கோரிக்கையை நிராகரித்துவிட்டார்கள். கேள்வி ‘நீங்கள் புகைப்பவரா’ என்று இல்லை, ‘எந்த வடிவிலாவது’ என்று இருந்ததை நான் வாசிக்கவே இல்லை. ஹோல்டர், ஆஞ்சியோகிராம், நாலு நாள் படுக்கை எல்லாம் சேர்த்து என் நாலரை மாதச் சம்பளம் சேமிப்பிலிருந்து போனது. சம்பளமில்லா விடுப்பு பதினெட்டு நாள் தனி. வலி தொடங்கியதிலிருந்து நோயின் பெயர் தெரியும் வரை ஐந்து மாதம். விண்ணப்பத்தில் உண்மையை எழுதியிருந்தால் பிரீமியம் கொஞ்சம் கூடியிருக்கும், அவ்வளவே. ரத்தம், சிறுநீர், எச்சில் இவற்றில், நிகோட்டின் உடம்புக்குள் மாறி உண்டாகும் கோட்டினின் என்ற பொருளைப் பார்த்து, சில நாள் முன்பு பிடித்ததைக்கூடக் கண்டுபிடித்துவிட முடியும் என்பதும் பிறகுதான் தெரிந்தது. அறுவைச் சிகிச்சைக்குப் போகிறவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். புகை, காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தும். குறைந்தது நாலு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். ‘நான் எப்போதாவதுதான்’ என்பவர்களுக்கும் அது பொருந்தும், ஆனால் அவர்கள் வாயைத் திறந்தால்தானே சொல்வார்கள்.

நிறுத்துவது எனக்குச் சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். மூன்றுதானே! முதல் மூன்று நாள் எரிச்சலும் மந்தமும் இருந்தது, பெரிதாக இல்லை. உடம்பு சீக்கிரம் விட்டுவிட்டது. விடாதது அந்த மாடிப்படி. பதினோரு மணிக்கும் நாலு மணிக்கும் கால் தானாக அங்கே போகும். இருபது பிடிப்பவருக்கு நிகோட்டின் குறைகிறதே என்று உடம்பு கேட்கிறது. என்னைப் போன்றவர்களுக்குக் கேட்பது இடமும் நேரமும் கூட நிற்கும் ஆளும். அதனால் ‘குறைத்துக்கொள்கிறேன்’ என்ற பேச்சே எங்களுக்குப் பயன்படாது, குறைக்க அங்கே என்ன இருக்கிறது? நான் லிஃப்ட் பக்கம் மாறினேன். அந்த நண்பரிடம் நேராகவே, “அண்ணே, இனிமே எனக்கு நீட்டாதீங்க, டாக்டர் வேணாம்னுட்டார்” என்று சொன்னேன். அதைச் சொல்லத்தான் எனக்கு அதிகத் தைரியம் தேவைப்பட்டது. அவர் சிரித்துக்கொண்டு, “நீ எப்பய்யா சிகரெட் பிடிச்ச?” என்றார். அவர் கணக்கிலும் நான் புகைப்பவன் இல்லை! நிகோட்டின் சூயிங்கம் கேட்டேன். நிகோட்டினே குழாயைச் சுருக்கும் என்பதால் உங்களுக்கு வேண்டாம் என்றுவிட்டார் டாக்டர். மற்றவர்களுக்கு அது நல்ல துணை, கேட்டுப் பயன்படுத்தலாம்.

குழாய் இறுகாமல் இருக்க டில்டியாசெம் மாத்திரை தினமும். வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்க நைட்ரேட் மாத்திரை, கருப்புக் கண்ணாடிக் குப்பியில். அரிசியைவிடக் கொஞ்சம் பெரிது, வைத்ததும் சுள்ளென்று லேசாக எரியும். இரண்டு நிமிஷத்தில் நெஞ்சின் பாரம் இறங்கும், பதிலுக்குத் தலை விண்விண் என்று தெறிக்கும். உட்கார்ந்துகொண்டுதான் வைக்க வேண்டும், ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவதால் நின்றுகொண்டிருந்தால் விழுந்துவிடுவோம். ஐந்து நிமிஷத்தில் வலி விடவில்லை என்றால் ஆம்புலன்ஸ். வயாகரா வகை மாத்திரை எடுப்பவர்கள் கூச்சப்படாமல் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இரண்டும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

நிறுத்திய மூன்றாவது வாரத்திலிருந்து வலி வரவில்லை. நாலு மாதம் முழுசாகத் தூங்கினேன். அப்புறம் அந்த நண்பர் வேலை மாறிப் போகிற நாள் வந்தது. கடைசியாக ஒருமுறை மாடிப்படியில் நின்றோம், அவர் பழக்கத்தில் நீட்டிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார், நானே வாங்கிக்கொண்டேன். நாலு மாதத்துக்கு ஒன்று, அது என்ன செய்துவிடும் என்று தோன்றியது. இரவு பத்து மணிக்கே படுத்தேன். நாலு பத்துக்கு அதே முழங்கால் நெஞ்சில். குப்பியைத் திறக்கும்போது விரல் வழுக்கி இரண்டு மாத்திரை கட்டிலுக்கடியில் உருண்டது.

அடுத்த வாரம் டாக்டரிடம் போனபோது, உட்கார்ந்ததும் அவர் கேட்பதற்கு முன்பே, “ஒண்ணு, மேடம்” என்றேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஃபைலில் தேதியைப் போட்டு, பக்கத்தில் ‘1’ என்று எழுதி, “எத்தனை மணிக்கு வலி வந்துச்சு?” என்றார்.